உப்பும் நீரும் காங்கிரீட்டும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. அடுக்களைக்கு இது முற்றும் பொருந்தும். வீடு கட்டுமிடத்திற்கோ பொருந்தாது. அங்கே உப்புள்ள பண்டமே குப்பைக்குரியது. கடலை அடுத்த ஊர்களில், கட்டிச் சில ஆண்டுகளே சென்ற வீடுகளிலும் மச்சின் அடிப்புறம் வெடித்து, காரை உதிர்ந்து, துருவேறிய கம்பிகள் வெளியே தோன்றுவதைக் காண்கிறோம். இதனைக் கடற்காற்றின் கொடுமையென்று சொல்லி அமைவோர் பலர். உண்மைக் காரணம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் சிமெண்டின் இயல்பை அறிதல் வேண்டும். 1756-ஆம் ஆண்டில் ஸ்மீட்டன் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர், எட்டிஸ்டன் என்னும் கடற்பாறையின்மீது கலங்கரை விளக்கம் எழுப்பும் பணியை மேற்கொண்டார். நீருள்ளும் இறுகும் சுண்ணாம்பு எதுவெனச் சோதித்து, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறுவதே அத்தன்மையது என்று கண்டார். அவ்விளக்கம் 1759-இல் ஏற்றப்பட்டது. பின்னர் 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் தாம் செய்த பொருளுக்குப் 'போர்ட்லண்டு சிமெண்டு' எனப் பெயரிட்டு உரிமை பெற்றார்.

சிமெண்டு காய்வதால் இறுகுகிறது என்று எண்ணுவார் உளர். அது பிழை. நீரோடு இரசாயன முறையிற் கூடுவதாலேயே அது கல்லாகிறது. ஆதலின், இறுகத் தொடங்கிய பின்னரும் குறைந்தது 7 நாளேனும் அதனை ஈரம் புலராமற் காத்தல் வேண்டும். நீரின்றி விடப்பட்ட காங்கிரீட் பாலின்றி விடப்பட்ட குழவியை ஒக்கும்.

எனினும், கலக்கும்போது நீர் மிகுதல் பெருங்கேடு. 100 பங்கு சிமெண்டோடு இரசாயன முறையிற் கூடுவது ஏறக்குறைய 23 பங்கு நீரே. இறுகிய பொருளின் நுண்துளைகளில் இன்னுஞ் சிறிது தங்கும். எஞ்சிய நீர் நாளடைவில் ஆவியாகி, தான் இருந்த இடத்தை வெற்றிடமாக விட்டுச் செல்லும். மட்டம் செய்வது எளிதென்று கொத்தனார் ஊற்றும் மிகையான ஒவ்வொரு குடமும் கண்ணுக்குப் புலப்படாத ஆயிரம் வாய்க்கால்களை உள்ளே வெட்டிவிடுகிறது. நீர் மிக வலிமை குறையும் என்னும் இவ்விதியை 1918-இல் அமெரிக்கராகிய டஃப் ஏப்ராம்ஸ் விளக்கிக் காட்டினார்.

இவ்வாய்க்கால்களின் வழியே உப்பு நுழைகிறது. கலக்கும் நீரிலும், கழுவாத கடல்மணலிலும் உப்பிருப்பின் அது நுழையவும் வேண்டுவதில்லை, முதலிலேயே குடியேறிவிடும். சிமெண்டு இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்பின் காரத்தன்மையால் கம்பியின்மேல் மிக மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைத் துளைத்துவிடும். அதன்பின் ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்து இரும்பைத் துருவாக்கும். துரு, தான் பிறந்த இரும்பினும் இருமடங்கிற்கு மேற்பட்ட இடத்தை வேண்டுவது. இடமின்மையால் அது சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கிறது. மச்சு வெடிப்பதன் மர்மம் இதுவே.

கடல்நீரில் எப்போதும் மூழ்கியிருக்கும் தூணின் அடிப்பாகத்தைவிட, அலை எறிந்து மீளும் பாகத்திலேயே துரு மிகுதி. அங்கே நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழ, உப்புச் செறிவதோடு காற்றும் தடையின்றிப் புகுகிறது. உப்பு நீரிலுள்ள சல்பேட்டு என்னும் பொருளும், சிமெண்டின் அலுமினா சேர்ந்த பகுதியோடு கூடிப் பருத்து வெடிப்பை விளைக்க வல்லது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பண்டை ரோமர் கடலுள் அமைத்த துறைமுகச் சுவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக நிற்பது எவ்வாறு? அவர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தனர். அக்கலவையிற் கடல்நீர் ஊறப் புதிய கனிமங்கள் தோன்றி அதனை உறுதிப்படுத்தின. அன்றியும், அவற்றுள் துருப்பிடிக்க இரும்புக் கம்பி இல்லை. உப்பினால் நேரும் கேடு பெரிதும் கம்பியைப் பற்றியதென்பது இதனால் விளங்கும்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? இந்தியத் தர விதி 456 (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு), கம்பியிட்ட காங்கிரீட்டிற்குரிய நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற் குளோரைடு ஆகாது என்கிறது. கடல்நீரிலோ அது ஏறக்குறைய 19,000 மில்லிகிராம், அதாவது 38 மடங்கு. ஆகவே உவர்க்கிணற்று நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி ஆராய்ந்த பின்னரே கொள்ளல் வேண்டும். கடற்காற்று நேரே தாக்குமிடங்களில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 22½ லிட்டருக்கு மேல் நீர் கூடாது; கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருத்தல் வேண்டும். நனைத்துக் காப்பதற்கும் நன்னீரே வேண்டும்.

இவற்றால் ஆகும் செலவு சிறிது. ஒருவன் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருளைக் கொண்டு எழுப்பிய கூரை, அவன் மக்கள் உறங்கும்போது உதிர்ந்து வீழ்வதால் ஆகும் இழப்போ அளவிடற்கரியது. நம் மாணவர்களிற் சிலர் நாளை பொறியியலாளராவர். பலர் தமக்கென வீடு கட்டுவர். அவர்கள் அடித்தளம் இடுமுன், கொத்தனாரிடம், "இந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர்?" என்று ஒரு வார்த்தை கேட்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் அடைந்தவராவோம்.