விமான மாடலுக்கு வார்னிஷும் வாஷும்: 18 குறிப்புகள்

பிளாஸ்டிக் விமான மாடலை ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடிப்பது வரை பொறுமையாகச் செய்பவர்கள்கூடக் கடைசிக் கட்டத்தில் தடுமாறுவார்கள். எந்த வார்னிஷ் முதலில், எந்த வாஷ் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த நிறம்) அதன் மேல், முடிவில் பளபளப்பா மங்கலா என்ற குழப்பத்தில் நன்றாக வந்த வேலை கெட்டுப்போகும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: எந்த வரிசையில் பூசுவது? மேலே பூசுவது கீழே இருப்பதைக் கரைக்குமா? இவை பிடிபட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

1. முதலில் வரிசையை மனதில் வையுங்கள். பெயின்ட், பளபளப்பு வார்னிஷ், டீகால் (மாடலில் ஒட்டும் சின்னங்கள்), மறுபடி ஒரு மெல்லிய பளபளப்பு வார்னிஷ், வாஷ், கடைசியாக மேட் (மங்கல்) அல்லது சாட்டின் (பாதிப் பளபளப்பு) வார்னிஷ். முடிவில் மங்கலாக இருக்க வேண்டிய போர் விமானத்துக்கும் நடுவில் பளபளப்பு கட்டாயம். ‘கடைசியில் மேட்தானே’ என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

2. வார்னிஷில் மூன்று குடும்பங்கள் உண்டு. மிஸ்டர் ஹாபியின் ஜி.எக்ஸ்.100, டாமியாவின் எல்.பி.-9 ஆகியவை லாக்கர். சீக்கிரம் காயும், நன்றாக இறுகும், நெடி கடுமையாக இருக்கும். டாமியா எக்ஸ்-22, வலேஹோ போன்றவை அக்ரிலிக். நெடி குறைவு, ஆனால் முழுதாக இறுக ஒரு நாளாவது கொடுக்க வேண்டும். ஹம்ப்ராலின் சிறு டின்களில் வரும் எனாமல் மெதுவாகக் காயும், பிரஷ்ஷில் அழகாகப் பரவும், ஆண்டுகள் போகப்போக மஞ்சளிக்கும். வெள்ளை நிறப் பயணிகள் விமானத்துக்கு எனாமல் வார்னிஷைத் தொடாதீர்கள்.

3. எல்லாவற்றுக்கும் தலையாய விதி இது: வாஷைக் கரைக்கும் திரவம், அடியில் இருக்கும் வார்னிஷைக் கரைக்கக்கூடாது. எனாமல் வாஷும் ஆயில் பெயின்ட் வாஷும் டர்பன்டைனில் கரைபவை. எனவே லாக்கர் அல்லது அக்ரிலிக் வார்னிஷின் மேல் அவற்றைத் தாராளமாகப் பூசலாம். எனாமல் வார்னிஷின் மேல் எனாமல் வாஷைப் போட்டுத் துடைத்தால் வார்னிஷும் பெயின்டும் சேர்ந்தே கழன்று வரும். அதேபோல எனாமல் பெயின்டின் மேல் லாக்கரைக் கனமாக அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிவிடும்.

4. பெயின்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில் எனாமல் வாஷ் வேண்டாம். அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்குக்குள் ஊறி விரிசல் விட வைக்கும். சக்கரக் கால்கள், இறுக்கிப் பொருத்திய மூட்டுகள் என்று அழுத்தம் தாங்கும் இடங்களில் சட்டென்று ஒடிந்தும் போகும். வார்னிஷ் பூசிய இடத்தில் மட்டும் வாஷ் படட்டும். பள்ளங்களில் அது குளம்போலத் தேங்கவும் விடாதீர்கள்.

5. டீகால் ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் எதற்கு? மேட் பெயின்டின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளம். அதன் மேல் டீகாலை ஒட்டினால் அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். மாடலைச் சாய்த்துப் பார்த்தால் டீகாலின் நிறமில்லாத ஓரம் வெள்ளி பூத்ததுபோல் மினுங்கும். பிறகு என்ன வார்னிஷ் அடித்தாலும் அது மறையாது. வழுவழுப்பான பரப்பில் காற்றுக்கு இடமே இல்லை.

6. டீகாலை மென்மையாக்கும் மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்ற திரவங்களைத் தடவியதும் டீகால் சுருங்கிக் கோணலாகும். பயந்து விரலால் நீவாதீர்கள், கிழிந்துவிடும். விட்டுவிட்டால் காயும்போது தானே இழுத்துக்கொண்டு பேனல் கோட்டுக்குள் (தகடுகளின் இணைப்பைக் காட்டும் பள்ளத்துக்குள்) படியும். மறுநாள் ஈரத்துணியால் திரவக் கறையையும் பசையையும் ஒற்றி எடுத்த பிறகே அடுத்த பூச்சு.

7. டீகாலின் மேல் அடிக்கும் இரண்டாவது பளபளப்புப் பூச்சுக்கு இரண்டு வேலை. டீகாலின் விளிம்பு கைக்குத் தட்டாமல் செய்யும். வாஷிலுள்ள தின்னர் டீகாலைத் தாக்காமல் காக்கும். லாக்கர் என்றால் முதல் சுற்றைப் பனிபோல் லேசாக அடித்துக் காயவிடுங்கள். முதலிலேயே நனைய நனைய அடித்தால் டீகால் சுருண்டுகொள்ளும்.

8. வாஷ் வாங்கும்போது உங்கள் வேகத்தைப் பாருங்கள். எனாமல் வாஷ் நிதானமாகக் காய்வதால் பிழையைத் துடைத்துத் திருத்த நேரம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது. டாமியாவின் பேனல் லைன் அக்சென்ட் கலர் மூடியிலேயே பிரஷ்ஷுடன் வருகிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயின்டைக் கடலையளவு எடுத்து டர்பன்டைனில் கரைத்தால் மலிவாக எந்த நிறத்திலும் வாஷ் தயார். வலேஹோ போன்ற நீர்வகை வாஷ் நெடியில்லாதது. ஆனால் விரைவில் காய்ந்து ஓரத்தில் கறை கட்டும். சிறு சிறு பகுதியாகப் போட வேண்டும்.

9. எல்லா விமானத்துக்கும் கறுப்பு வாஷ் போடும் பழக்கத்தை விடுங்கள். கோடு போட்ட நோட்டுப்புத்தகம்போல் ஆகிவிடும். பச்சையும் பழுப்பும் கலந்த ஸ்பிட்ஃபயருக்குக் கரும்பழுப்பு, வெள்ளைக்கு இளஞ்சாம்பல், மஞ்சளுக்குப் பழுப்பு, இக்கால சாம்பல் நிற ஜெட்டுகளுக்குக் கருஞ்சாம்பல் பொருந்தும். அடிநிறத்தைவிட இரண்டு மூன்று படி அடர்ந்திருந்தால் போதும். இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் பாகங்கள், வால் சுக்கான் ஆகியவற்றின் இடைவெளி நிஜ விமானத்திலும் ஆழமானது. அங்கே மட்டும் கறுப்பு தகும்.

10. வாஷை இறக்கை முழுவதும் அப்ப வேண்டாம். மெல்லிய பிரஷ் நுனியில் ஒரு துளி எடுத்துப் பேனல் கோட்டின் மேல் வெறுமனே தொடுங்கள். பரப்பு வழுவழுப்பாக இருந்தால் துளி கோட்டைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஓடும். பெட்ரோல் டாங்க் மூடியின் வட்டத்தில் ஒரு பக்கம் தொட்டால் சுற்றிவந்து மறுபக்கம் சேரும். ஓடாமல் தொட்ட இடத்திலேயே பரவி நின்றால் வார்னிஷ் போதவில்லை என்று பொருள். இன்னொரு பூச்சு கொடுங்கள்.

11. பதினைந்து இருபது நிமிடம் கழித்து, டர்பன்டைனில் தொட்டுத் துணியில் ஒற்றிய பட்ஸால் மிச்சத்தைத் துடையுங்கள். பட்ஸ் சொட்டச் சொட்ட இருந்தால் கோட்டுக்குள் இருப்பதும் வெளியே வந்துவிடும். துடைக்கும் திசை முக்கியம்: இறக்கையில் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி, உடற்பகுதியில் மூக்கிலிருந்து வால்பக்கம், செங்குத்து வாலில் காற்றோட்டத்தின் போக்கில். அப்போது மீதி நிற்கும் மெல்லிய தீற்றல் காற்று இழுத்த அழுக்காகவே தெரியும்.

12. மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்லும் தூள் அடியில் படிந்திருக்கும். நன்றாகக் கலக்காமல் மேலாக எடுத்தால் அரைகுறைப் பளபளப்பு வரும். அடிமண்டியை மட்டும் எடுத்தால் வெள்ளை பூக்கும். டாமியா எக்ஸ்-21 போன்ற மேட் கலவையைப் பளபளப்பு வார்னிஷில் சேர்ப்பவர்கள் துளித்துளியாகச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஏர்பிரஷ்ஷில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மெல்லிய சுற்றுகளாக அடித்தால் பூப்பது குறையும்.

13. கடைசிப் பூச்சை நிஜ விமானம் தீர்மானிக்கட்டும். அமெரிக்கக் கடற்படையின் கோர்செய்ர், ஹெல்கேட் விமானங்கள் 1944 முதல் பளபளக்கும் கடல்நீலத்தில் வந்தன. அவற்றை மேட் ஆக்கினால் தவறு. அதே கடற்படைக்கு 1955-இல் வந்த நிற முறையில் மேல்பக்கம் மங்கலான சாம்பல், அடிப்பக்கம் பளபளப்பான வெள்ளை. ஆக ஒரே மாடலில் இரண்டு வார்னிஷ் வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையோ, சொரசொரப்பான பெயின்ட் வேகத்தைக் குறைக்கிறது என்று கண்டு போர்க்காலத்திலேயே வழுவழுப்பான பெயின்டுக்கு மாறியது. ஸ்பிட்ஃபயருக்குச் சுண்ணாம்புபோன்ற மேட் ஒவ்வாது. சாட்டின் பக்கம் சாயும் மேட் நன்று.

14. அமெரிக்க நிறங்களில் எஃப்.எஸ். (அமெரிக்க அரசின் நிறத் தர வரிசை) எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதிப் பளபளப்பு, 3 என்றால் மேட். 16440, 36440 இரண்டும் ஒரே சாம்பல்தான்; முன்னது மின்னும், பின்னது மின்னாது. கிட்டுடன் வரும் நிறப் பட்டியலில் இந்த எண் இருந்தால் வார்னிஷ் கேள்விக்குப் பாதி விடை கையிலேயே இருக்கிறது.

15. 1/72 அளவு மாடலில் நிஜப் பளபளப்பை அப்படியே கொண்டுவந்தால் பொம்மைபோல் தோன்றும். மாடல் சிறுத்தால் பளபளப்பையும் ஒரு படி குறையுங்கள். ஒரே கம்பெனியின் பளபளப்பையும் மேட்டையும் கலந்தால் வேண்டிய சாட்டின் கிடைக்கும். மேட் பூச்சு வாஷின் அழுத்தத்தைச் சற்று மட்டுப்படுத்தும் என்பதால் வாஷ் ஒரு துளி தூக்கலாக இருப்பது நல்லதே. எக்ஸாஸ்ட் புகைக்கறைக்குத் தூள் நிறம் தடவுவதென்றால் மேட் பூச்சுக்குப் பிறகு தடவுங்கள். பளபளப்பில் அது பிடிக்காது.

16. பெயின்ட் பூசாத உலோகத் தோற்றத்துக்கு மேட் வார்னிஷ் எதிரி. உலோகப் பளபளப்பு செத்துச் சாம்பலாகிவிடும். ஆல்கிளாட் போன்ற லாக்கர் உலோக நிறங்கள் நன்றாகக் காய்ந்தால் வார்னிஷ் இல்லாமலே டீகாலையும் வாஷையும் தாங்கும். மேட் பூச்சு கொடுக்கும் மற்ற மாடல்களில், விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு ஒட்டிய டேப்பைக் கடைசி மேட் பூச்சு காய்ந்த பிறகே உரியுங்கள்.

17. மழைக்காலத்தில், குறிப்பாகச் சென்னைபோன்ற கடற்கரை ஊர்களில், ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் பால்போல் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட வெயில் நாளாகப் பார்த்து அடியுங்கள். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர்போல் காய்வதைத் தாமதப்படுத்தும் தின்னர் உதவும். பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டுமே. மாடலில் பட்டால் பிளாஸ்டிக் உருகும். சாதாரணத் துணி மாஸ்க்கும் என்95-உம் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்குச்சுடரும் இல்லாத இடத்தில் அடியுங்கள்.

18. புது வார்னிஷையும் புது வாஷையும் மாடலில் சோதிக்காதீர்கள். ஐஸ்கிரீம் கடையின் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றுக்கு அதே பெயின்ட், அதே வார்னிஷ், அதே வாஷ் கொடுத்து, மறுநாள் துடைத்துப் பாருங்கள். எதை எதன் மேல் பூசினீர்கள் என்று கைப்பிடியில் எழுதி வைத்தால் அடுத்த மாடலுக்கும் உதவும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கடையிலுள்ள அத்தனை பாட்டில்களையும் வாங்க வேண்டியதில்லை. அக்ரிலிக் பளபளப்பு ஒன்று, அதே கம்பெனியின் மேட் ஒன்று, கரும்பழுப்பு எனாமல் வாஷ் ஒன்று, ஒரு பாட்டில் டர்பன்டைன். முதல் சில மாடல்களுக்கு இவை தாராளம். பாட்டிலுக்குச் செலவிடுவதைவிட ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருப்பதில்தான் மாடலின் அழகு இருக்கிறது.