காப்பாட்சியராக விரும்பும் பட்டதாரிக்கு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரப்பெருமாள்கோயில் என்றோர் ஊர். அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை 1957இல் படம் பிடித்தார்கள். அந்தப் படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருந்தது. திருமேனிதான் கடல் தாண்டிவிட்டது. 1967இல் சோத்பீஸ் ஏலத்தில் அதை வாங்கியது ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். 2019இல் ஓர் ஆய்வாளர் அந்தப் பழைய படத்தைச் சுட்டிக்காட்டிய பிறகு கேள்விகள் கிளம்பின. திருமேனியைத் திருப்பித் தரலாம் என்று 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மன்றம் ஒப்புக்கொண்டது.

அருங்காட்சியகவியலில் முதுநிலை படிக்க நினைப்பவர்கள் இந்த நிகழ்வை மனத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் போடுவது நல்லது. பழம்பொருள் மீது ஆசை இருந்தால் போதும் என்று நம்பி வருகிறவர்கள் பலர். ஆசை வேண்டும்தான். ஆனால் ஒரு பொருள் யாருடையது, எந்த வழியாக இங்கே வந்தது, அதைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை என்ற கேள்விகளுக்கு முகம்கொடுக்கத் தெரிந்தவர்களைத்தான் இந்தத் துறை இப்போது தேடுகிறது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி மாறியது?

ஐகாம் எனப்படும் பன்னாட்டு அருங்காட்சியக மன்றம் 1946இல் தொடங்கியது. அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதற்கு அது வைத்திருந்த வரையறையைத் திருத்த 2019இல் கியோட்டோவில் முயன்றபோது பெரும் சச்சரவு, வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் 92 விழுக்காட்டுக்கு மேலான ஆதரவோடு புதிய வரையறை நிறைவேறியது. சேகரிப்பது, பாதுகாப்பது, காட்சிக்கு வைப்பது ஆகிய பழைய கடமைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றோடு எல்லோரும் எளிதாக வந்துபோகும் இடமாக இருப்பது, பன்மையைப் போற்றுவது, மக்கள் சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவது ஆகியவையும் சேர்ந்தன. பழைய வரையறையையும் புதியதையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு நேர்முகத்துக்குப் போங்கள்.

இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, சாதிவாரியாகக் குறித்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் எழுதிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. அன்று அளக்கப்பட்டவர்களின் பேரன் பேத்திகளுக்குப் பிறந்தவர்கள் இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே வளாகத்துக்குள் வருகிறார்கள். அவர்களுடைய முன்னோரின் பொருளுக்குப் பக்கத்தில் என்ன எழுதி வைப்பது? யாரைக் கேட்டு எழுதுவது? ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இதை எடுத்துச் செய்யலாம். இன்னும் செய்ய நிறைய மிச்சம் இருக்கிறது.

மக்களின் பங்கேற்போடு இயங்குவது எப்படி என்று பார்க்க, அமிர்தசரஸ் நகர மன்றக் கட்டடத்தில் 2017இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே புல்காரி என்ற பூத்தையல் போட்ட ஒரு மேலங்கியும் ஒரு தோல் பெட்டியும் இருக்கின்றன. பிரிவினைக்கு முன்பு திருமணம் நிச்சயிக்கப்பட்ட ஒரு பெண்ணும் ஆணும் உயிர் தப்பி வரும்போது ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தவை அவை. அமிர்தசரஸ் அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது இருவரும் மறுபடி சந்தித்தார்கள். சந்தையில் அந்த மேலங்கிக்குப் பெரிய விலை கிடைக்காது. குடும்பத்தார் அதை நம்பிக் கொடுத்ததும், கதையைத் தங்கள் வாயால் சொன்னதும்தான் அந்த அருங்காட்சியகத்தின் அடித்தளம். போபாலில் 2014இல் உருவான நினைவு அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி மேலே போனது. விஷவாயுக் கசிவில் உயிர் தப்பியவர்களும் அவர்களோடு நின்ற செயற்பாட்டாளர்களும் சேர்ந்து, அரசிடமும் பெருநிறுவனங்களிடமும் பணம் வாங்காமல் நடத்தும் இடம் அது. இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்ய, நேர்காணல் எடுக்கவும், அழுகிறவர் முன் பொறுமையாக உட்காரவும், எதைப் பதிவுசெய்யக் கூடாது என்று முடிவெடுக்கவும் தெரிய வேண்டும்.

வகுப்பில் என்ன கிடைக்கும்?

சேகரிப்பு மேலாண்மை, பாதுகாப்பு வேதியியல், காட்சி வடிவமைப்பு, கல்வித் திட்டங்கள், பார்வையாளர் ஆய்வு, சட்டம், டிஜிட்டல் ஆவணப்படுத்தல் ஆகியவை பெரும்பாலான பாடத்திட்டங்களில் உண்டு. சட்டத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள், அது தவறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் தெரியாவிட்டால், மண்ணுக்கடியில் கிடைத்த செப்புத் திருமேனிகள் எப்படிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன என்பதே புரியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தெரியாவிட்டால், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராஜர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைகொடுத்து வாங்கியும் 2014இல் ஏன் திரும்பி வந்தார் என்பதை விளக்க முடியாது. வாங்கும்போதே கைமாறிய வரலாற்றைத் துருவிப் பார்க்கிற ஆள் இல்லாமல் இனி எந்தப் பெரிய அருங்காட்சியகமும் இயங்க முடியாது. அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

கைவேலையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு பொருளுக்குப் பதிவு எண் எழுதுவதை எடுத்துக்கொள்வோம். கண்ணில் படாத, உரசாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 பிசினை மெல்லிய பூச்சாகத் தடவி, காயவிட்டு, அதன்மேல் நுண்ணிய பேனாவால் எண்ணை எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். மை பொருளின் உடலைத் தொடக் கூடாது. நாளை ஒருவர் அழிக்க விரும்பினால் தடயம் இல்லாமல் அழிய வேண்டும். பிறகு பதிவேட்டில் அளவு, எடை, கிடைத்த இடம், கொடுத்தவர், இப்போதைய நிலை. வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் தென்பட்டால் ஈரப்பதம் உள்ளே புகுந்து குளோரைடு அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றைக்கே எழுதி வைத்து, பாதுகாப்பு வேதியியலரிடம் சொல்ல வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கென்று ஆய்வகம் அமைத்து, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் திருமேனிகளின் அரிப்பை நீக்கினார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய வரலாறு. வேதியியல் பட்டதாரிகளே, இது உங்களுக்கும் உரிய துறை.

எங்கே படிப்பது?

இந்தியாவில் இத்துறையின் மூத்த வீடு பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம். 1952 முதல் கற்பிக்கிறார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1959 முதல் உண்டு. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள்ளேயே பாரத் கலா பவன் இருப்பதால் மாணவர்களுக்குப் பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் தனித் துறை இருக்கிறது. டெல்லியில் 1989இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உருவான தேசிய அருங்காட்சியக நிறுவனம், இப்போது இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் நொய்டாவில் இருக்கிறது. அங்கே அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும் தனித்தனி முதுநிலைப் படிப்புகள். வெளிநாடு என்றால் 1966இல் தொடங்கிய லெஸ்டர் பல்கலைக்கழகத் துறையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். சமூக நீதி, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் போன்றவற்றில் அதற்குத் தனிப் பெயர், தொலைநிலையிலும் படிக்கலாம். செலவுக்கு காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகளைப் பாருங்கள்.

எந்த நிறுவனமாக இருந்தாலும் சேருவதற்கு முன் அங்கே படிக்கிற மாணவர் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். முதல் ஆண்டில் எத்தனை முறை ஸ்டோருக்குள் விட்டார்கள்? பொருளைக் கையில் எடுக்க விட்டார்களா? இன்டர்ன்ஷிப்பைத் துறை ஏற்பாடு செய்கிறதா, நீங்களே அலைய வேண்டுமா? கடைசியாக நடத்திய கண்காட்சியில் மாணவர்கள் என்ன செய்தார்கள்? பளபளப்பான கையேட்டை விட இந்தப் பதில்கள் நம்பத் தகுந்தவை. பவர்பாயிண்டில் மட்டும் அருங்காட்சியகத்தைக் காட்டுகிற படிப்புக்கு இரண்டு ஆண்டுகளைக் கொடுக்காதீர்கள்.

வேலை நிலவரம்

ஒளிக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. ஒப்பந்த வேலை அதிகம். தொடக்கச் சம்பளம் ஐடி துறையோடு ஒப்பிடும்படி இருக்காது. தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறையின் காப்பாட்சியர் பணியிடங்கள் தொல்லியல், மானுடவியல், விலங்கியல், தாவரவியல், நாணயவியல் என்று பாடப் பிரிவுவாரியாக இருப்பவை. ஆகவே பழைய பணி அறிவிக்கைகளை எடுத்து, எந்தப் பதவிக்கு எந்த முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள் என்று படித்த பிறகே முடிவெடுங்கள். முதலில் ஒரு பாடத்தில் முதுநிலை, பிறகு அருங்காட்சியகவியலில் டிப்ளமோ என்ற வழி சிலருக்குப் பொருத்தமாக இருக்கும். ஆசிரியப் பணி விரும்பினால், யுஜிசி நெட் தேர்வில் அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும் சேர்ந்த தனிப் பாடம் இருக்கிறது. தனியார் அருங்காட்சியகங்கள், பெருநிறுவன ஆவணக்காப்பகங்கள், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள், கண்காட்சி வடிவமைப்பு நிறுவனங்கள் ஆகியவையும் ஆள் எடுக்கின்றன. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு வெற்றிடம் கண்ணுக்கெதிரே இருக்கிறது: தமிழில் நல்ல விவரப் பலகை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. பல இடங்களில் ஆங்கில வாசகத்தை எழுதி முடித்து, அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் தமிழாக்கம் செய்கிறார்கள். ‘நடராஜர், வெண்கலம், கி.பி. 11ஆம் நூற்றாண்டு’ என்பதோடு நின்றுவிடுகிறது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு அதில் என்ன கிடைக்கிறது? எந்தச் சட்டத்தின்படி இங்கே வந்தது, எந்த ஊர் மண்ணிலிருந்து எடுத்தார்கள், யார் எதற்கு அஞ்சிப் புதைத்திருப்பார்கள் என்று ஐம்பது அறுபது சொற்களில் எழுதலாம். கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் மக்களுக்கு ஆர்வம் குறையவில்லை. தமிழ் இலக்கியம் படித்தவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

விண்ணப்பிக்கும் முன்

தமிழ்நாட்டில் 20க்கும் மேற்பட்ட அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அநேகமாக உங்கள் மாவட்டத்திலும் ஒன்று இருக்கும். ஒரு வார நாளும் ஒரு விடுமுறை நாளும் அங்கே போய் உட்காருங்கள். யார் வருகிறார்கள், எந்தப் பொருளுக்கு முன் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், சக்கர நாற்காலி உள்ளே போகுமா, கழிப்பறை இருக்கிறதா என்று குறிப்பெடுங்கள். பிறகு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது கிடைத்த ஊருக்குப் போய் அங்குள்ள பெரியவர்களிடம் பேசி, புதிதாக ஒரு விவரப் பலகை எழுதிப் பாருங்கள். குறிப்புகளையும் அந்தப் பலகையையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். நேர்முகத்தில் ‘ஏன் இந்தப் படிப்பு?’ என்று கேட்டால், அந்த அருங்காட்சியகத்தில் முதலில் எதை மாற்றுவீர்கள் என்பதைச் சொல்லி, யாரிடம் கேட்டு அதை மாற்றுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.