மின்னணு மூக்கும் தேயிலை மணமும்

நெய்யை முகர்ந்து பார்த்தே வாங்குகிறோம். காப்பிக்கொட்டை வறுபட்ட பதத்தையும் மணத்தாலேயே அறிகிறோம். ஆயினும் எடைக்குத் தராசும் நீளத்துக்கு அளவுகோலும் இருப்பதுபோல, மணத்துக்கு ஓர் அளவை நெடுங்காலம் இருந்ததில்லை. "மணம் போதாது" என்று கூறி வாங்குபவர் விலையைக் குறைத்தால், விற்பவர் மறுத்துரைப்பது அரிது. இக்குறையை ஓரளவு போக்கவல்ல கருவி மின்னணு மூக்கு. அதன் அமைப்பையும் பயனையும் எல்லையையும் இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

மூக்கு அறியும் விதம்

மனித மூக்கினுள் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. அவற்றுக்குரிய மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ஆகிய இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு மணத்துக்கு ஓர் ஏற்பி என்னும் கணக்கு இங்கில்லை. ஒரே ஆவி பல ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தூண்டுகிறது. அக்கூட்டையே மூளை ஒரு மணமாக அறிகிறது. சில நிற நூல்களின் சேர்க்கையாலேயே எண்ணற்ற கரைகளை நெசவாளர் வகுப்பது போன்றது இது.

கருவி இயங்கும் விதம்

இம்முறையைப் பின்பற்றி, 1982-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் ஆகியோர் ஒரு கருவியை அமைத்துக் காட்டினர். இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் வெள்ளீய ஆக்ஸைடு உணரிகள் பயன்படுகின்றன. உணரி சூடேற்றப்பட்டதும், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன் மேற்பரப்பில் படிந்து எலெக்ட்ரான்களைப் பற்றிக்கொள்கிறது, மின்தடை உயர்கிறது. மண ஆவி அங்கு வந்து அந்த ஆக்ஸிஜனுடன் வினைபுரிந்தால், எலெக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறைகிறது. வெவ்வேறு இயல்புடைய பல உணரிகளை அடுக்கி, ஒவ்வொன்றின் மாற்றத்தையும் பதிந்தால் அம்மணத்துக்குரிய கோலம் கிடைக்கிறது. முன்பே பயிற்றுவித்த கோலங்களோடு கணினி அதனை ஒப்பிட்டு வகை கூறுகிறது.

தேயிலையில் பயன்

கொல்கத்தாவில் உள்ள சி-டாக் நிறுவனம் கறுப்புத் தேயிலைக்கென இக்கருவியை உருவாக்கியது. வாடவைத்து உருட்டிய கொழுந்தில் காற்றுப்படும்போது நொதிகள் வேலை செய்கின்றன. பசும்புல் வாடை தணிந்து மலர்மணம் தோன்றுகிறது. அத்தருணத்தில் உலர்த்தினால் தரம் நிற்கும். காலம் கடந்தால் மணம் கெடும். அத்தருணத்தைக் கண்டுரைப்பதே கருவியின் பணி. 1965-இல் இண்ட்கோசர்வ் தோன்றிய நீலகிரியில், கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து கொடுக்கும் சிறு விவசாயிகளுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். தொழிற்சாலையில் சிறிது நேரம் தவறினாலும், தோட்டத்தில் பாடுபட்டவரின் விலையே குறைகிறது.

எல்லைகள்

கருவிக்குச் சொந்த அறிவு இல்லை. தேர்ந்த சுவைஞர்கள் மதிப்பிட்ட மாதிரிகளைக் கொண்டே அது பயிற்றுவிக்கப்படுகிறது. ஆசான் பிழைத்தால் மாணவனும் பிழைப்பான். காற்றின் ஈரமும் வெப்பமும் அதன் கணிப்பை மாற்றும். நாளடைவில் உணரியின் இயல்பே பிறழ்வதால், அவ்வப்போது சரிபார்த்தல் இன்றியமையாதது. மேலும், மணமற்ற கலப்படத்தை அது காட்டாது. அதற்கு ரசாயனச் சோதனையே வேண்டும்.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

சங்கத்தின் தராசுக்கு முத்திரை உண்டா என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை. மணக்கருவி வந்தாலும் அவ்வுரிமை மாறாது. எவருடைய மதிப்பீட்டைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது, என்று சரிபார்க்கப்பட்டது என்பவை பதிவேட்டில் இருத்தல் வேண்டும். மாதிரியை இரு பங்காக்கி, ஒரு பங்கை முத்திரையிட்டு வைத்தால் பிணக்கு எழும்போது மறுசோதனை செய்யலாம். இவ்வேற்பாடின்றிக் கருவியை மட்டும் வாங்குவது, ஒருவரின் வாய்ச்சொல்லுக்குப் பதிலாகப் பெட்டியின் சொல்லுக்குக் கட்டுப்படுவதாகவே முடியும்.

பயிற்சி வினாக்கள்

1. ஓர் உணரி மட்டும் கொண்டு மணங்களை வகைப்படுத்த இயலாதது ஏன்?

2. கருவி வந்த பின்னும் சுவைஞர் தேவைப்படுவது எதனால்?

3. நம் சங்கத்தில் தர மதிப்பீட்டை அங்கத்தினர் மறுசோதனைக்கு உட்படுத்த இப்போது என்ன வழி உள்ளது?