கனம் எது, லேசு எது? அக்கா சொல்ற 6 டிப்ஸ்

"மூணாம் வகுப்பு வந்தும் பையனுக்கு கிராம், கிலோ குழப்பமா இருக்குக்கா"ன்னு கேக்குற தங்கச்சிகளுக்கு: முதல்ல கை, அடுத்து தராசு, கடைசியிலதான் கிராம். இந்த வரிசையை மாத்தாதீங்க.

1. கையில தூக்கட்டும்: ஒரு கையில மாம்பழம், மறு கையில எலுமிச்சை. "எது கனம்?"னு மட்டும் கேளுங்க. நாலு வயசுக்கு இது போதும்.

2. பெருசெல்லாம் கனமில்ல: ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல ஒண்ணுல பொரி, இன்னொண்ணுல நம்மூர் ஜவ்வரிசி நிரப்பிக் குடுங்க. அப்புறம் பெரிய பொரிப் பையையும், அதைவிடக் கனமான சின்ன வெல்லப் பையையும் தூக்கச் சொல்லுங்க. கண்ணு சொன்னதைக் கை மறுக்கும்.

3. வீட்டுத் தராசு: ஹேங்கரோட ரெண்டு முனையிலயும் ஒரே நீளக் கயித்துல கொட்டாங்குச்சி கட்டுங்க. வெறுமனே தொங்கும்போது ஒரு பக்கம் சாஞ்சா, மேல நிக்கிற கொட்டாங்குச்சியில கொஞ்சம் களிமண் ஒட்டி சமமாக்குங்க. கடைக்காரரும் தட்டு சமமா நிக்குதான்னு பாத்துட்டுத்தான் நிறுப்பார்.

4. புளியங்கொட்டையே எடைக்கல்: ஒரு வெங்காயத்துக்கு எத்தனை கொட்டை? அடுத்து அதே வெங்காயத்தைக் கோலிக்குண்டு வச்சு நிறுத்தா எண்ணிக்கை மாறும். எல்லாருக்கும் பொதுவா ஒரு எடைக்கல் ஏன் வேணும்னு குழந்தையே கேக்கும். 3 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தை பக்கத்துல இருந்தா கொட்டை, குண்டு ரெண்டும் வேண்டாம். வாயில, மூக்குல போட்டுக்கும்.

5. மாவு உருண்டை: சம எடையில ரெண்டு சப்பாத்தி மாவு உருண்டை. ஒண்ணைத் தட்டையாக்கினதும் எடை மாறிடுச்சுன்னு சின்னப் பிள்ளைங்க சொல்வாங்க. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதையெல்லாம் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர். அது வயசோட இயல்பு, மக்குத்தனம் இல்ல. திருத்தாம, திரும்பத் தராசுல வைக்கச் சொல்லுங்க.

6. இப்போ கிராம்: நாமக்கல் முட்டை ஒண்ணு சுமார் 50 கிராம். 20 முட்டை ஏறக்குறைய 1 கிலோ. அப்போ 30 முட்டை அட்டை? பிள்ளையே கணக்குப் போடட்டும். உழவர் சந்தையில கத்தரிக்காய் வாங்கும்போது, நிறுக்கறதுக்கு முன்னாடி கால் கிலோவா அரை கிலோவான்னு ஊகிக்கச் சொல்லுங்க. தப்பானா பரவாயில்ல, அடுத்த வாரம் நெருங்கி வரும்.