பின்வாங்கிப் போன ஏரி

1798 ஜூலை மாதம். நெப்போலியனின் பிரெஞ்சுப் படை அலெக்சாந்திரியாவில் கரையிறங்கி, தமன்ஹூர் வழியாக நைல் நதியை நோக்கி நடந்துகொண்டிருந்தது. கொடும் வெயில்; உடம்பில் கம்பளிச் சீருடை; முதுகில் சுமை. வழியில் கண்ட கிணறுகள் பல தூர்ந்தோ வறண்டோ கிடந்தன. வெயில் ஏறியதும் வீரர்களின் எதிரே ஒரு பெரிய ஏரி விரிந்தது! தொலைவிலிருந்த கிராமங்கள் அதன் நடுவே தீவுகள் போல நின்றன. ஒவ்வொன்றின் கீழும் அதன் தலைகீழ் உருவம் தெரிந்தது. தாகத்தால் தவித்தவர்கள் அதை நோக்கி விரைந்தனர். அவர்கள் நெருங்க நெருங்க ஏரி பின்வாங்கியது. அடுத்த கிராமத்தைச் சூழ்ந்துகொண்டது. மாலையில் மறைந்து, மறுநாள் வெயிலில் மீண்டும் வந்தது.

நம் முன்னோர் இதைக் கானல் நீர் என்றும் பேய்த்தேர் என்றும் அழைத்தனர். ஆனால் இது பேயின் வேலையும் அல்ல, தாகத்தால் வந்த மனமயக்கமும் அல்ல. புகைப்படக் கருவியாலும் இதைப் படம் பிடிக்கலாம்.

படையுடன் எகிப்துக்கு வந்திருந்த அறிஞர்களுள் காஸ்பார் மோஞ்ச் என்ற கணித மேதையும் ஒருவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் கெய்ரோவில் அமைக்கப்பட்ட எகிப்து ஆய்வுக் கழகத்தின் முதல் தலைவர் அவரே. அங்கு அவர் இதற்கு விளக்கம் அளித்தார். சுடுமணலை ஒட்டிய காற்று சூடேறி அடர்த்தி குறைகிறது. அதன் ஒளிவிலகல் எண்ணும் குறைகிறது. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி, தரையைத் தொடாமலே மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணை அடைகிறது. வீரர்கள் தரையில் கண்டது நீர் அல்ல, வானத்தின் ஒரு துண்டு!

பாடநூல் படங்களில் கதிர் ஓரிடத்தில் சட்டென்று மடங்குவதாகக் காட்டுவார்கள். உண்மையில் அது சிறிது சிறிதாக வளைகிறது.

சரி, ஏரி ஏன் பின்வாங்கியது? ஒரு கணக்குப் போடுவோம். காற்றின் வெப்பநிலை 30 டிகிரி, மணலை ஒட்டி 60 டிகிரி என்று கொள்வோம். ஒளிவிலகல் எண்கள் முறையே 1.000264, 1.000240. எவ்வளவு அற்ப வேறுபாடு, பாருங்கள்! ஆகவே மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 89.6 பாகை. அதாவது, தரையோடு 0.4 பாகைக்கும் குறைவான சாய்வில் வரும் கதிர்கள் மட்டுமே திரும்பும். நிற்பவரின் கண் தரைக்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், இந்தக் கோணம் அமைவது சுமார் 215 மீட்டருக்கு அப்பால்தான். அவர் நூறு மீட்டர் நடந்தால் அந்த எல்லையும் நூறு மீட்டர் நகர்கிறது. எவ்வளவு விரைந்தாலும் இடைவெளி குறையாது. குதிரைமேல் இருப்பவருக்கோ கண் உயரம் அதிகம். ஏரி இன்னும் தொலைவில் தொடங்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். நண்பகலில், நீண்டு நேராகச் செல்லும் தார்ச்சாலையின் ஓரத்தில் நின்று பாருங்கள் (சாலைக்குள் இறங்க வேண்டாம்). 'நீர்' எங்கே தொடங்குகிறது என்று ஒரு மரத்தையோ மைல்கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்லக் குனிந்து உட்காருங்கள். நீர் உங்களை நோக்கி வரும்!