நாள்வழிக் குறிப்பும் நம் வாழ்க்கையும்

சங்கத்தின் பேரேடு பணத்தின் வரவு செலவைக் காட்டும். இருப்புப் பதிவேடு நூலின் கணக்கைக் காட்டும். ஆனால் ஒரு நெசவாளர் எக்காரணத்தால் தறியை நிறுத்தினார், ஒரு விவசாயி எந்த ஆண்டில் நெல்லை விட்டுக் கரும்புக்கு மாறினார் என்பவற்றை இவ்வேடுகள் காட்டா. இக்குறையை நிறைவு செய்யும் முறையை உறுப்பினர்களுக்கு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இதற்கு முன்மாதிரி நம் புதுவையிலேயே உண்டு. தியூப்ளே ஆளுநராயிருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761-இல் தாம் இறக்கும் காலம் வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதிவந்தார். போர்களும் அரசியல் சூழ்ச்சிகளும் மட்டுமன்றி, கப்பல் வந்த நாள், துணி வாணிபம், வணிகர்களின் வழக்கு, ஊரில் உலவிய பேச்சு ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்பவர் அவ்வேடுகளைக் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். பின்னர் அவை 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. படியெடுக்கப்படாது போயிருப்பின், இரு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட புதுவைத் தெருக்களின் வாழ்வை நாம் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க முடியாது.

எனினும் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளையவர்கள் எழுதியது வணிகர் கண்ட உலகம். துணி அங்கே சரக்காக வருகிறது. அதனை நெய்தவர் எத்தனை நாழிகை தறிக்குழியில் அமர்ந்தார், பாவு நனைந்து கெட்ட மழைநாளில் அவர் வீட்டில் உலை வைத்ததா என்பதை நெய்தவரே எழுதிய ஏடு நம் கையில் இல்லை. பிறர் எழுதினால் பிறர் பார்வைதான் எஞ்சும். நம் வாழ்வை நாமே எழுதுதல் வேண்டும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1936 ஜூலை 30 அன்று புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலைமுறை வந்தது. இவை வரலாற்றில் பதிந்துள்ளன. ஆனால் 1898-இல் தோன்றிய ஏ.எப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டபோது, சங்கொலியைக் கேட்டு எழுந்து வாழ்ந்த குடும்பங்களின் பழக்கவழக்கங்களும் கலையத் தொடங்கின. அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்று நம்மிடையே உள்ளனர். காலம் தாழ்த்தினால் அவ்வாய்ப்பு நழுவிவிடும்.

எழுதும் முறை வருமாறு:

1. ஒவ்வொரு குறிப்பிற்கும் நாள், ஊர், சொன்னவர் வயது, தொழில் ஆகியவற்றை முதலில் எழுதுக. பெயரை அவர் இசைந்தால் மட்டுமே சேர்க்க.

2. அளவையும் விலையையும் விடாது குறிக்க. “கூலி குறைவு” என்பதனினும், ஒரு பாவுக்கு என்ன கூலி, அதனை முடிக்க எத்தனை நாள், அந்நாளில் அரிசி விலை என்ன என எழுதுவது பயன் தரும். குழி, காணி போன்ற வழக்கு அளவுகளை அப்படியே எழுதி, அவ்வூரில் அதன் அளவையும் சேர்க்க.

3. மாற்றத்தின் காரணத்தைக் கேட்க. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் எந்நாளில் வந்தது, பாகூர் ஏரி எப்போது நிரம்பியது, அதனால் எந்தப் பயிர் விடப்பட்டது என்று வினவுக.

4. கண்டது வேறு, கேட்டது வேறு. செவிவழிச் செய்தியைக் “கேள்வி” என்று தனியே குறிக்க.

5. பெண்டிரின் உழைப்பை விடாது எழுதுக. நூல் சுற்றுவதும் நாற்று நடுவதும் பலகாலும் கணக்கில் ஏறாத வேலைகளாகவே உள்ளன.

6. இரு படிகள் எடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைக்க. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் போன்ற இடர்களில் ஒரே படி அழிந்துவிடலாம்.

ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடும், வாரம் ஒரு மணி நேரமும் இதற்குப் போதும். எழுத இயலாதவர் சொல்ல, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டித் திருத்திக் கொள்க. நாளை கூலி உயர்வோ நிவாரணமோ கோரும் வேளையில், நாளும் விலையும் குறித்த இவ்வேடு சங்கத்திற்குச் சான்றாக நிற்கும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதற்கென ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தெருவில் மூத்த நெசவாளரிடமும் ஊரில் மூத்த விவசாயியிடமும் முதற்குறிப்பைப் பெறுதல் நலம்.