ஓட்டல் தோசையும் வீட்டுக் கல்லும்

மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய ஓட்டல்களை அறியாத தமிழ் மாணவர் நம் பல்கலைக் கழகத்தில் இருக்க மாட்டார். 1940-இல் தொடங்கிய கபே மெட்ராஸின் வாயிலில் ஞாயிறு காலை நிற்கும் கூட்டமே போதும், இந்நகரத்தில் தோசை எத்தகைய ஆட்சி புரிகிறது என்பதை விளக்க. (பெயர்தான் மெட்ராஸ், பக்குவம் தென் கன்னடத்தது. அதற்காக நாம் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.) அந்தச் சிவந்த, முறுகலான தோசையைச் சமையல் நூலில் கண்டபடியே வீட்டில் சுட முயன்றவர் பலர், வென்றவர் சிலரே. காரணம் யாது? இக்கட்டுரை ஆராயப் புகுவது அதனைத்தான்.

இது வெறும் விளையாட்டு வினா அன்று. நான் குடியிருக்கும் சீத்தா கேம்ப், டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியிலிருந்து 1976-ஆம் ஆண்டு மே மாதம் பெயர்க்கப்பட்ட மக்களால் உண்டான குடியிருப்பு. இங்கே தோசை பலருக்குச் சிற்றுண்டி; சிலருக்கோ பிழைப்பு. எங்கள் சந்தின் முனையில் விடியற்காலையில் தோசை சுட்டு விற்கும் அக்கா ஒருவர், வாடிக்கைக்காரர்கள் "ஓட்டல் மாதிரி வேணும்" என்று கேட்கிறார்களே என்று சமையல் நூல் ஒன்றை வாங்கி, அதிலுள்ள அளவுப்படியே ஒரு ஜனவரி மாதத்தில் மாவு அரைத்தார். மாவு பொங்கவும் இல்லை. தோசை சிவக்கவும் இல்லை. ஒரு நாள் வியாபாரத்துக்கான அரிசியும் உளுந்தும் பாழ். "எம்.எஸ்ஸி. படிக்கிறியே தம்பி, புஸ்தகத்துல என்ன தப்புன்னு பாத்துச் சொல்லேன்" என்று நூலை என்னிடம் நீட்டினார். நான் படிப்பது பௌதிகம். தோசைக்கல் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆயினும் உஷ்ணம் இருக்கிறதே!

நூலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எந்த நூலும் ஏதோ ஓர் ஊரின் அடுக்களையை மனத்திற்கொண்டே எழுதப்படுகிறது. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது 1951-இல். மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்ததோ 1956-இல். ஆகையால் அக்காலத்துச் சமையல் குறிப்புகளில் ஆழாக்கும் படியும் பலமும் வழங்கின. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி. அரிசியையும் உளுந்தையும் ஒரே டம்ளரால் அளந்துவிட்டால் விகிதம் மாறாது. அளவை மாறுவதால் தோசை கெடுவதில்லை. பொருள் மாறினால்தான் கெடும்.

நூலில் 'புழுங்கல் அரிசி' என்றிருக்கிறது. அக்கா போட்டதோ வீட்டிலிருந்த பச்சரிசி. புழுங்கல் அரிசியின் மாப்பொருள் நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்துவிட்டது. அது நீரை உறிஞ்சும் விதம் வேறு, அரைபடும் விதம் வேறு. மும்பைக் கடைகளில் அதை 'உக்டா' என்று கேட்டால்தான் தருவார்கள். இந்த ஒரு சொல்லைத் தமிழ்நாட்டில் அச்சான நூல் எப்படி அறியும்?

இச்சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், மெக்ஸிகோ மக்களின் சமையலும் அங்குக் குடியேறியவர்களின் சமையலும் கலந்து பிறந்த உணவுக்கு டெக்ஸ்-மெக்ஸ் என்று பெயர். அதன் உயிர்நாடி டார்ட்டில்லா என்னும் சோள ரொட்டி. நூலைப் பார்த்து நம்மூர் மக்காச்சோள மாவைப் பிசைந்தால் அது ஒட்டாமல் உதிரும். ஏனெனில் அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்துத் தோல் நீக்கிப் பின்னரே அரைக்கிறார்கள். அதனால்தான் மாவு கூடி நிற்கிறது. 'சோள மாவு' என்ற இரண்டு சொற்களுக்குள் ஓர் இரவு வேலை ஒளிந்திருக்கிறது!

இனிப் புளிப்புக்கு வருவோம். மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் என்று பலரும் எண்ணியிருக்க, இட்லி மாவில் அவ்வேலையைச் செய்வது முக்கியமாக லூக்கனோஸ்டாக் மெசன்டெராய்டிஸ் என்னும் பாக்டீரியா என்று 1965-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அது சர்க்கரையை உண்டு, புளிப்பான லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. உளுந்தின் வழவழப்பு அவ்வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நூலாசிரியர் 'இரவு முழுதும் வைக்க' என்று எழுதிவிட்டார். எந்த மாதத்து இரவு? மே மாதத்து மும்பை இரவில் மாவு ஆறேழு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழியும். ஜனவரியில் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவில் விடிந்தாலும் அசையாது. ஆகவே கடிகாரத்தைப் பாராமல் மாவைப் பார்க்க வேண்டும். பாத்திரத்தின் வெளிப்புறம் மாவின் மட்டத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து ஏறக்குறைய இரு மடங்கு உயர்ந்ததும் எடுத்துக்கொள்வது நலம். குளிர்காலத்தில் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கலாம்.

ஆனால் மூல இரகசியம் மாவில் இல்லை, கல்லில் இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு தோசைக்கு 100 கிராம் மாவு என்று கொள்வோம். அது 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற ஏறத்தாழ 22 கிலோஜூல் உஷ்ணம் தேவை. முறுகலாவதற்கு 30 கிராம் நீராவது ஆவியாக வேண்டும். அதற்கு 68 கிலோஜூல். ஆக மொத்தம் 90. வீட்டு இரும்புக்கல் 1 கிலோ எடையுள்ளது என்றால், அது ஒரு டிகிரி குளிரும்போது தருவது அரை கிலோஜூலுக்கும் குறைவு. மாவு விழுந்ததும் கல் சரிந்துவிடுகிறது. ஓட்டலின் தடித்த தகடு 30 கிலோ என்று வையுங்கள். அதே 90 கிலோஜூலை எடுத்துக் கொடுத்தும் அது 7 டிகிரிகூடக் குளிராது!

குளிர்ந்தால் என்ன? மாவில் நீர் மிகுந்திருக்கும் வரையில் அதன் உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் தோசையின் சிவப்பும் மணமும், சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் கூடும் ரசாயன மாற்றத்தால் வருபவை. அம்மாற்றம் 140 டிகிரிக்கு மேல்தான் விரைந்து நடக்கும். கல் மெலிந்தால் தோசை வேகும், சிவக்காது. மாவில் சிறிது சர்க்கரையோ கடலைப்பருப்போ சேர்ப்பது இச்சிவப்புக்குத் துணை செய்யும். துணைதான், கல்லின் வேலையை அது செய்யாது.

அதற்காகக் கல்லைப் பழுக்கக் காய்ச்சினால் வேறொரு தொல்லை. மாவு தொட்ட இடத்திலேயே வெந்து கெட்டியாகி, கரண்டியோடு உருண்டு வந்துவிடும். ஓட்டல்காரர் நீரைத் தெளித்துத் துடைப்பத்தால் துடைப்பது இதற்காகவே. மேற்பரப்பு கணநேரம் தணியும், அடியில் தகட்டின் சேமிப்பு குறையாது. தெளித்த துளி முத்துப்போல உருண்டோடினால் கல் மிகையான சூடு. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-இல் இதை விவரித்தார். துளிக்கடியில் உண்டாகும் ஆவியே மெத்தையாகி அதைத் தாங்குகிறது. துளி 'சுர்ர்' என்று பரந்து உடனே மறைந்தால், அதுவே மாவை ஊற்றித் தேய்க்கும் பதம்.

இவ்வளவையும் கேட்டபின் அக்கா ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து தடித்த தகடு ஒன்றை வெட்டி வாங்கினார், 5 கிலோ இருக்கும். உக்டா அரிசி, கோடு போட்ட பாத்திரம், துளிச் சோதனை எல்லாம் சேர்ந்து முதல் நான்கு தோசைகள் மாதுங்காவுக்கு ஈடாகவே வந்தன. ஐந்தாவது வெளிறிற்று. இங்கேதான் என் கணக்கில் நான் விட்டுவிட்டதை உணர்ந்தேன். தடித்த கல் உஷ்ணத்தைக் கடன்தான் கொடுக்கும். அடைக்க வேண்டியது அடுப்பு. வீட்டு எரிவாயு அடுப்பிலிருந்து கல்லுக்குள் சேர்வது நொடிக்கு 1 கிலோஜூல் என்று கொண்டால், ஒரு முறுகல் தோசைக்கு ஒன்றரை நிமிடம், மணிக்கு 40 தோசை. அதற்குமேல் எந்த நூலைப் படித்தாலும் வராது. ஓட்டல் தகட்டின் அடியிலோ அடுப்புகள் வரிசையாக எரிகின்றன.

"ஒன்றரை நிமிஷம் நின்னா ரயிலைப் பிடிக்கிறவன் போயிடுவானே தம்பி" என்றார் அக்கா. உண்மைதான். மான்கூர்ட் ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் சிவப்புக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இப்போது வேலை நாட்களில் அவர் சுடுவது பழைய மெத்தென்ற தோசைதான். அதில் ஆவியாக வேண்டிய நீர் குறைவு. ஆகவே உஷ்ணமும் நேரமும் குறைவு. முறுகல் தோசை ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஐந்து ரூபாய் அதிகம். ஏன் அதிகம் என்று கேட்பவர்களிடம், "கல்லு காயணும்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த துளியைத் தெளிக்கிறார்.